சீனச் சொற்களைப் படம் வரைந்து மனதில் ஏற்றுவது எப்படி: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

சீன மொழி படிக்க உட்காருகிற பெரும்பாலானோர் முதலில் செய்கிற வேலை, நோட்டில் மூன்று பத்தி கிழித்து எழுத்து, உச்சரிப்பு, இங்கிலீஷ் அர்த்தம் என்று பட்டியல் போடுவது. முதல் வாரம் நன்றாகத்தான் போகும். அப்புறம் பட்டியல் நீள நீள, மேலே உள்ளதை மறந்துகொண்டே கீழே புதிதாகச் சேர்த்துக்கொண்டிருப்போம். அந்த மூன்றாவது பத்தியில் அர்த்தம் எழுதுவதற்குப் பதிலாகப் படம் போடுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஓவியம் தெரிந்திருக்கத் தேவையே இல்லை. ஒரு வட்டத் தலையும் நாலு குச்சியும் போட்டு மனிதன் என்று சொல்ல முடிந்தால் போதும்.

ஆரம்பத்திலேயே ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சீன எழுத்தை யானையாகவும் வீடாகவும் மாற்றி வரைகிற வேலை இது இல்லை. அந்தச் சொல் குறிக்கிற பொருளை, செயலை, காட்சியை வரைவதுதான் வேலை. எழுத்துக்குள் படம் தேடுவது தனிக் கதை, அதில் கொஞ்சம் சிக்கலும் இருக்கிறது, கீழே வருகிறேன்.

வரைந்தால் நினைவில் நிற்கும் என்பது சும்மா சொல்கிற பேச்சில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள் 2016-ல் வெளியாயின. ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, சிலவற்றை 40 நொடி வரையச் சொன்னார்கள், சிலவற்றை அதே 40 நொடி திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். பிறகு நினைவில் உள்ளதையெல்லாம் சொல்லச் சொன்னபோது, வரைந்த சொற்கள்தான் அதிகம் வந்தன. படம் அழகாக இருந்ததா என்பது ஒரு பொருட்டாக இல்லை. வேறொருவர் வரைந்த படத்தைப் பார்ப்பதைவிடவும் தானே வரைவது மேலாக இருந்தது, அதனால் இணையத்தில் படம் எடுத்து ஒட்டி வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவையெல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த சொற்கள். நமக்கோ ஓசையே புதுசு. படம் பொருளைப் பிடித்து வைக்கும், ஓசையைத் தானாகப் பிடித்து வைக்காது. அதற்குத் தனியாக ஒரு வழி செய்ய வேண்டும், அதுதான் இந்த முறையின் முக்கால்வாசி.

இங்கே சீனச் சொற்களைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் தொனி எண்ணை, அதாவது அந்த அசையைச் சொல்லும்போது குரல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கான எண்ணை, போட்டிருக்கிறேன். (1) உயரத்திலேயே சமமாக நீள்வது, (2) கீழிருந்து ஏறுவது, (3) அடியில் தாழ்ந்து கிடப்பது, (4) மேலிருந்து சட்டென்று விழுவது. உங்கள் நோட்டில் இப்படித் தமிழில் எழுதிவைக்க வேண்டாம், இது படிக்கும் வசதிக்கான குத்துமதிப்பு மட்டும்தான். இரண்டு பேர் சேர்ந்து மேசையைத் தூக்குவதற்கு ஒரு சொல், தொப்பி அணிவதற்கு ஒரு சொல் உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் ‘தாய்’ என்றுதான் வரும். முதலாவதில் மூச்சு பலமாக வெளியே வரும், இரண்டாவதில் வராது. ரோமன் எழுத்தில் சீன ஓசையைக் குறிக்கும் பின்யின் முறையில் (1958-ல் வந்தது) இரண்டும் வேறு வேறு எழுத்து. பின்யினைப் படிக்க ஒரு வாரம் செலவழியுங்கள், வீணாகாது. அதில் நமக்கு ஒரு சின்ன சாதகமும் உண்டு: ‘பல்’, ‘கல்’ என்று சொல்லும்போது வருகிற மூச்சில்லாத முதல் ஓசை, இங்கிலீஷ்காரர்கள் போராடிக் கற்கிற அதே சீன ஓசைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

வெள்ளைத் தாள், பேனா, ஒரு சிவப்புப் பேனா, ஓசை கேட்க ப்ளெகோ மாதிரி ஒரு அகராதிச் செயலி. அவ்வளவுதான். டேப்லெட்டில் வரையலாமா என்று கேட்பார்கள். வரையலாம், ஆனால் அழித்து அழித்துத் திருத்திக்கொண்டே உட்கார்ந்துவிடுவோம். தாள்தான் சரி.

ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். எட்டுக் கட்டத்துக்கு எட்டுச் சொல், ஒரு நாளைக்கு அது தாராளம். முன்பக்கம் படம் மட்டும். பின்பக்கம் அதே கட்டத்துக்கு நேர்ப்பின்னால் சீன எழுத்தும் பின்யினும். தாளைத் திருப்பும்போது இடது கட்டம் வலது பக்கம் போய்விடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் மீனுக்குப் பின்னால் குடை இருக்கும். எந்தப் பக்கத்திலும் தமிழிலோ இங்கிலீஷிலோ அர்த்தம் எழுதக் கூடாது. கை பரபரக்கும், எழுதாதீர்கள். எழுதிவிட்டால் கண் நேரே அங்கேதான் போகும், படம் சும்மா அலங்காரமாகிவிடும்.

ஒரு சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும்

முதலில் ஓசையைக் கேளுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், மறுபடி கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரையுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஒரு படத்தில் இருக்காதீர்கள். பொதுவான படமாகப் போடாமல் உங்களுக்குத் தெரிந்த ஒன்றாகப் போடுங்கள்: ‘நாய்’ என்றால் தெருமுனையில் படுத்திருக்கிற அந்த ஒற்றைக் காது மடிந்த நாய், ‘கதவு’ என்றால் கீழே உரசுகிற உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு. அரை நிமிடத்தில் இவ்வளவு முடியுமா என்றால், மடிந்த காது ஒரே ஒரு கோடுதானே.

இப்போது தொனி. நான் பரிந்துரைப்பது, படத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு தரை போடுவது. முதல் தொனி என்றால் படத்தில் உள்ளது சமதரையில், கொஞ்சம் உயரத்தில், மொட்டைமாடி மாதிரி. இரண்டாவது என்றால் ஏறுகிற சரிவு. மூன்றாவது என்றால் பள்ளம், ஆள் அதன் அடியில் நிற்கிறார். நான்காவது என்றால் இறங்குகிற சரிவு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. தொனியில்லாமல் லேசாக ஒலிக்கிற அசை என்றால் தரையே கிடையாது, ஒரு புள்ளி போதும்.

எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற ‘மா’வையே எடுத்துக்கொள்வோம். மா (1) அம்மா, மா (2) சணல் செடி, மா (3) குதிரை, மா (4) திட்டுவது. மொட்டைமாடியில் அம்மா நிற்கிறார், மேட்டில் சணல் ஏறி வளர்ந்திருக்கிறது, குதிரை பள்ளத்தில் இறங்கி நிற்கிறது, ஒருவர் கத்திக்கொண்டே சரிவில் வழுக்கி இறங்குகிறார். நாலு படம், இரண்டு நிமிடம். இதில் தொனி வெறும் எண்ணாக இல்லாமல் காட்சியின் பகுதியாகிவிடுகிறது, குதிரையை நினைத்தால் பள்ளமும் கூடவே வரும். தொனிக்கு நிறம் ஒதுக்குகிற முறையும் இருக்கிறது, அது பிடித்தால் அதைச் செய்யுங்கள், ஆனால் பச்சை எத்தனையாவது தொனி என்று தனியாக ஞாபகம் வைக்க வேண்டியிருக்கும், சரிவு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

எந்தச் சொற்களை வரைவது

சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயின் முதல்நிலைப் பட்டியலிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். 2010-லிருந்து இருந்த வடிவத்தில் அது 150 சொல், 2021-ல் வந்த புதிய தரத்தில் முதல்நிலையே 500. சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆப்பிள், நாற்காலி, பூனை என்று வருகிறவற்றை வரைவது சுலபம், சந்தோஷமாகவும் இருக்கும், ஆனால் உண்மையில் அவற்றுக்குப் படம் அவ்வளவு தேவைப்படாது. எப்படிப் படித்தாலும் ஒட்டிக்கொள்கிற சொற்கள் அவை. வரைவதால் நிஜமான லாபம் கிடைப்பது வேறிடத்தில்: நாம் ஒரே சொல்லால் சொல்கிறதைச் சீனம் ஏழெட்டாகப் பிரித்து வைத்திருக்கும் இடங்களில். அங்கே பட்டியல் உதவாது, எட்டுச் சொல்லுக்கும் எதிரே ‘தூக்கு’ என்றே எழுதிவைத்து என்ன செய்வது?

அந்தத் தூக்குகிற சொற்களையே ஒரு தாளாகப் போட்டுப் பாருங்கள். எட்டுக் கட்டத்திலும் ஒரே குச்சி மனிதன், சுமை மட்டும் மாறுகிறது. பை கையில் தொங்கினால் தீ (2). குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் பாவ் (4). முதுகில் என்றால் பெய் (1), தோளில் மூட்டை என்றால் காங் (2), தலைமேல் சுமந்தால் திங் (3). சூப் கிண்ணத்தைச் சிந்தாமல் நேராக ஏந்தி வந்தால் துவான் (1). இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைத் தூக்கினால் தாய் (2). தோளில் கம்பு வைத்து இரண்டு முனையிலும் கூடை தொங்கினால், நம் காவடிக் கம்பைப் போல, அது தியாவ் (1). தரையையும் சேர்த்துப் போடும்போதுதான் வேடிக்கை: தலைச்சுமைக்காரர் பள்ளத்தில் நிற்கிறார், மூட்டைக்காரர் மேட்டில் ஏறுகிறார், குழந்தையை அணைத்தவர் சரிவில் வழுக்குகிறார், சூப்காரர் மொட்டைமாடியில் பத்திரமாக நடக்கிறார். இந்த ஒரு தாளை முடித்துவிட்டால், இந்த முறை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அளவைச் சொற்கள். சீனத்தில் ‘ஒரு மீன்’ என்று நேராகச் சொல்ல முடியாது, எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் பொருளின் உருவத்துக்கேற்ற ஒரு சொல் வர வேண்டும். புதியவர்கள் எல்லாவற்றுக்கும் ‘க’ என்கிற பொதுச் சொல்லைப் போட்டுச் சமாளிப்பார்கள், எதிரில் இருப்பவருக்குப் புரியும்தான், ஆனால் காதில் உறுத்தும். இதை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் அலுத்துவிடும். ஒரு அளவைச் சொல்லுக்கு ஒரு முழுத்தாள் எடுத்து, அதற்குரிய பொருள்களையெல்லாம் அள்ளிப் போடுங்கள். தியாவ் (2) தாளில் மீன், பாம்பு, ஆறு, சாலை, கால்சட்டை, துண்டு; எல்லாவற்றிலும் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு இழுங்கள். ஜாங் (1) தாளில் காகிதம், டிக்கெட், வரைபடம், மேசை, கட்டில். தட்டையான மேற்பரப்பைச் சிவப்பில் நிரப்புங்கள். பா (3) தாளில் கத்தி, குடை, சாவி, நாற்காலி. கை பிடிக்கிற இடத்தில் சிவப்பு வட்டம். நாற்காலிக்கு எங்கே பிடி என்று தோன்றும், முதுகுச் சாய்மானத்தைப் பிடித்து இழுப்போமே, அங்கே போடுங்கள். கால்சட்டையும் ஆறும் ஏன் ஒரே கூட்டத்தில் இருக்கின்றன என்று விளக்கமே தேவையில்லாமல் அந்தச் சிவப்புக் கோடு சொல்லிவிடும். இங்கே வந்த தியாவ் (2), மேலே கம்பில் சுமக்கிற தியாவ் (1), இரண்டும் தொனியில் மட்டும்தான் வேறு. தரை போட்டிருந்தால் குழம்பாது.

அணிவதற்கும் இரண்டு சொல்: சட்டை, கால்சட்டை, செருப்பு, காலுறை எல்லாம் ச்சுவான் (1); தொப்பி, கண்ணாடி, கடிகாரம், மோதிரம், கையுறை எல்லாம் தாய் (4). ஒரு ஆளை முழுசாக வரைந்து, முதல் வகையைக் கறுப்பிலும் இரண்டாவது வகையைச் சிவப்பிலும் போட்டால் போதும், தனித்தனிக் கட்டமே வேண்டாம்.

இங்கிலீஷை நடுவில் நிறுத்தாதீர்கள்

நம் கையில் கிடைக்கிற பாடப்புத்தகமும் செயலியும் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாகத்தான் சீனம் சொல்லித் தருகின்றன. சில இடங்களில் அது நமக்குச் சுற்றுவழி. இங்கிலீஷில் எல்லாமே ‘ரைஸ்’. சீனத்தில் நம்மைப் போலவே நெல்லுக்குத் தாவ் (4), அரிசிக்கு மீ (3), சோற்றுக்கு ஃபான் (4), கஞ்சிக்கு ஜோவ் (1) என்று தனித்தனி. வயல், மூட்டை, தட்டு, தம்ளர் என்று ஒரே வரிசையாக வரைந்துவிட்டால் வேலை முடிந்தது.

உறவுமுறையும் அப்படித்தான். அண்ணன் தம்பி, அக்கா தங்கை தனித்தனி. அப்பாவின் அண்ணன் போபோ, தம்பி ஷூஷு, அக்கா தங்கை கூகு, அம்மாவின் அண்ணன் தம்பி ஜியூஜியூ. உங்கள் குடும்ப மரத்தையே வரைந்து, உங்கள் சொந்தப் பெரியப்பாவின் மீசையைப் போட்டு, ஒவ்வொருவர் முகத்துக்கும் நேர்ப்பின்னால் சீனச் சொல்லை எழுதுங்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்கு வரும்போது கவனம். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு முன்னால் தாங் (2) வரும், மற்ற எல்லாருக்கும் பியாவ் (3). அதாவது சித்தி பெரியம்மா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கைதான், சீனத்தில் அவர்கள் அத்தை மாமா பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மரத்தில் அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்புச் சுவர் கட்டிவிடுங்கள்.

கூட்டுச் சொற்களும் எழுத்தும்

இரண்டு மூன்று எழுத்து சேர்ந்த சொற்கள் பலவற்றுக்கு நேர்ப்பொருளே ஒரு கார்ட்டூன். ரயில் என்பது நெருப்பு வண்டி, கணினி மின் மூளை, சினிமா மின் நிழல், ஆந்தை பூனைத்தலைக் கழுகு. இப்படியே வரையுங்கள், ஒரு தடவைக்கு மேல் தேவைப்படாது. ‘கவனம்’ என்பதற்குச் சின்ன இதயம் என்று வரும், ‘உடனே’ என்பதற்குக் குதிரைமேல். கடைசியாகச் சொன்ன வகையில் மட்டும், படம் நினைவிருந்து பொருள் மறக்கிற அபாயம் உண்டு, குதிரையை வரைந்தால் ஓரத்தில் ஒரு கடிகாரத்தையும் போட்டுவையுங்கள்.

சரி, எழுத்து. மரத்துக்கான எழுத்து மரம் மாதிரியே இருக்கும், இரண்டு மரம் போட்டால் தோப்பு, மூன்று போட்டால் காடு, மரத்தில் ஒரு ஆள் சாய்ந்தால் ஓய்வு. இதைப் பார்த்ததும் எல்லா எழுத்தும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்பவர் 9,353 எழுத்துகளைத் தொகுத்து ஆறு வகையாகப் பிரித்து விளக்கினார். அதிலேயே நேரடிப் பட எழுத்துகள் சில நூறுதான். மிகப் பெரும்பாலானவை, ஒரு பாதி பொருளின் பக்கம் கைகாட்டும், மறு பாதி ஓசையைச் சொல்லும் வகை. அம்மாவுக்கான எழுத்தில் பெண் என்ற பகுதிக்குப் பக்கத்தில் குதிரை நிற்பது ‘மா’ என்ற ஓசைக்காகத்தான்; அம்மா குதிரையேறுகிற படம் போட்டால் நினைவில் நிற்கும், மறுக்கவில்லை, ஆனால் அதே குதிரை கேள்விக்கான ‘மா’விலும் திட்டுவதற்கான ‘மா’விலும் வந்து நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதுக் கதை கட்ட வேண்டியிருக்கும். குதிரை என்றால் ‘மா’ ஓசை என்று ஒரே தடவை தெரிந்துகொள்வது எவ்வளவோ சுலபம்.

எழுத்தை எழுதிப் பழகுவதைப் படத்தோடு கலக்காதீர்கள். அதற்கு நடுவில் சிலுவைக்கோடு போட்ட சதுரக் கட்ட நோட்டு உண்டு, கோட்டு வரிசை உண்டு, அது தனி நேரத்தில். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களும் சீனப் பெருநிலத்துக்குப் போகிறவர்களும் எளிமையாக்கிய எழுத்தையும், தைவான், ஹாங்காங் போகிறவர்கள் பழைய எழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத் தாளின் முன்பக்கம் இருவருக்கும் ஒன்றுதான்.

வரைய முடியாதவை

‘ல’, ‘த’ மாதிரி இலக்கண ஒட்டுகளை வரைய முயற்சி செய்யாதீர்கள், அவை வாக்கியத்தில்தான் படியும். வேகம், மெதுவு, விலை அதிகம், மலிவு போன்றவற்றை எதிர் ஜோடியாக ஒரே கட்டத்தில் போடுங்கள். காலத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: போன மாதம் என்பதற்கு ‘மேல்’ என்ற ஷாங் (4), வருகிற மாதம் என்பதற்குக் ‘கீழ்’ என்ற ஷியா (4). அதனால் காலண்டரை மேலிருந்து கீழாகத் தொங்குகிற மாதிரி வரைந்து, நடுவில் உங்களை நிறுத்துங்கள். வாரத்துக்கும் இதே படம் செல்லும்.

சோதித்துப் பார்ப்பது

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் படம் போட்டு விளையாடியதாகவே முடியும். மறுநாள் தாளை எடுத்து, கட்டங்களை வரிசை மாற்றித் தொட்டுத் தொட்டுச் சொல்லைத் தொனியோடு வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் திருப்பிப் பாருங்கள். மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. வாரக் கடைசியில் தலைகீழாகவும்: செயலியில் ஓசையை ஓடவிட்டு, எழுத்தைப் பார்க்காமல், கேட்டதை வெற்றுத்தாளில் வரையுங்கள், தரையோடு. தொனி எங்கே தப்புகிறது என்பது இதில் பளிச்சென்று தெரிந்துவிடும், படம் சரியாக வந்திருக்கும், தரை மட்டும் தப்பான பக்கம் சாய்ந்திருக்கும். தாள் சேர்ந்துகொண்டே போனால் கட்டங்களைப் போனில் படம்பிடித்து ஆன்கி என்கிற நினைவட்டைச் செயலியில் அட்டையாகப் போட்டுவிடலாம், எந்த அட்டையை எப்போது காட்டுவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு.

படத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் சொல் வந்துவிட்டால் அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்துவிடுங்கள். மூன்று முறை சிக்கிய சொல்லை மறுபடி வரையுங்கள், ஆனால் பழைய படத்தைப் பார்த்து நகலெடுக்காமல், வேறு இடம், வேறு ஆள் வைத்து. அப்படியும் சிக்கினால் படத்தை விட்டுவிட்டு, அந்தச் சொல் வருகிற ஒரு சின்ன வாக்கியத்தைக் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.